மலைக்கு வந்த சக்கரம் – 14: சைக்கிளுக்கு யார் வரி கட்டினார்கள், யாருக்குச் சலுகை கிடைத்தது?

2017 ஜூன் 28-ஆம் தேதி மத்திய அமைச்சரவை கூடியது. ஏழாவது ஊதியக்குழு பரிந்துரைத்த படிகள் பற்றி அன்று முடிவெடுக்க வேண்டும். நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான அந்தக் குழு, மத்திய அரசு ஊழியர்கள் வாங்கிய 196 வகைப் படிகளை ஆராய்ந்து, அவற்றில் 52-ஐ அடியோடு எடுத்துவிடச் சொல்லியிருந்தது. எடுக்கச் சொன்னவற்றில் ஒன்று சைக்கிள் படி. மாதம் 90 ரூபாய். அதை முக்கியமாக வாங்கி வந்தவர்கள் தபால்காரர்களும், ரயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களும்.

ஊழியர் சங்கங்கள் எதிர்த்தன. நிதித்துறைச் செயலர் அசோக் லவாசா தலைமையில் ஒரு குழு அமைத்துப் படிகளை மறுபடி பார்த்தார்கள். கடைசியில் தபால், ரயில்வே இரண்டு துறைகளுக்கு மட்டும் சைக்கிள் படியைத் தக்கவைத்து, 90 ரூபாயை 180 ஆக்கினார்கள். பயன்பெறுவோர் 22,200 பேருக்கு மேல் என்று அரசு அறிவித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 22,200 பேருக்கு மாதம் 180 வீதம் ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ‘வேலைக்காகச் சைக்கிள் மிதிக்கிறாய், அதற்கு ஒரு செலவு இருக்கிறது, நான் தருகிறேன்’ என்று இந்திய அரசு நேரடியாக ஒப்புக்கொண்டு கொடுக்கும் பணம் என்று சொன்னால், எனக்குத் தெரிந்து இதைத்தான் சொல்ல வேண்டும். அதுவும் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வர அல்ல, வேலை நேரத்தில் மிதிப்பதற்கு.

இதே ஊதியக்குழு இன்னொன்றையும் முடித்து வைத்தது. அரசு ஊழியர் சைக்கிள் வாங்க வட்டியில்லாமல் முன்பணம் பெறும் வசதி பல பத்தாண்டுகளாக இருந்தது. கடைநிலை ஊழியர்கள் பலருடைய முதல் சொந்த வண்டி அந்த முன்பணத்தில் வாங்கி, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கழித்ததுதான். 2016-இல் பண்டிகை முன்பணம், கம்பளி உடை முன்பணம் ஆகியவற்றோடு அதுவும் போயிற்று. வீடு கட்டவும் கணினி வாங்கவும் வட்டியோடு கடன் தொடர்கிறது. 2025 அக்டோபரில் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக்குழுவின் பணி வரம்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. அறிக்கை தர 18 மாதம். அந்த மேஜைக்கு 180 ரூபாயும் மறுபடி போகும்.

இந்தத் தொடரில் இதுவரை சேர்வராயன் மலைக்குச் சக்கரம் வந்த வழியைப் பார்த்தோம். காப்பிச் செடியை 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து ஊன்றியதிலிருந்து, மலையில் எந்த வண்டி யாருக்காக வந்தது என்பதே நம் கேள்வியாக இருந்தது. இந்தப் பகுதியில் மலையைவிட்டுச் சற்று இறங்கிப் போகிறேன். சைக்கிள் விஷயத்தில் அரசு என்ன நினைத்தது என்பது மலைக் கிராமமான வெள்ளக்கடையில் நின்று பார்த்தால் தெரியாது. சென்னைக்கும் டில்லிக்கும் போய்த்தான் வரவேண்டும், கொஞ்சம் வாஷிங்டனுக்கும்.

முதலில் வரி. அரசுக்குச் சைக்கிள் அறிமுகமானதே வரி போடத்தக்க ஒரு பொருளாகத்தான். 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தைப் புரட்டினால், ‘வண்டி’ என்பதற்கு ஸ்பிரிங் வைத்த சக்கர வாகனம் என்று விளக்கம் இருக்கும். சைக்கிள், மூன்று சக்கர சைக்கிள், ரிக்‌ஷா எல்லாம் அதில் அடக்கம். வண்டிக்கும் பிராணிக்கும் வரி போட நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. அரசியலமைப்புச் சட்டம் வந்தபோதும் இது மாறவில்லை. ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம், இயந்திரத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சாலையில் ஓடத் தகுந்த வாகனத்துக்கு வரி விதிக்கும் உரிமையை மாநிலத்துக்குத் தருகிறது.

பெரியவர்கள் வீட்டுப் பரணில் தேடினால் அந்த வரியின் அடையாளம் இன்னும் அகப்படும். காசு அகலத்துக்குக் கொஞ்சம் பெரிய தகட்டு வில்லை. நகராட்சியின் பெயர், ஆண்டு, ஒரு எண் மூன்றும் அச்சு குத்தியிருக்கும். மேலே ஒரு துளை. அதில் கம்பியோ திருகாணியோ போட்டு ஹேண்டில்பாருக்குக் கீழே மாட்டிக்கொள்ள வேண்டும். ஆண்டு மாறினால் வில்லையும் மாற வேண்டும். வில்லை இல்லாத வண்டி, விளக்கு இல்லாத வண்டி, பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ‘டபுள்ஸ்’ போகும் வண்டி மூன்றும் பிடிபடும். காலையில் மில்லுக்கோ தறிக்கோ போகிறவன் டயரில் காற்றை இறக்கிவிட்டு அனுப்பப்பட்டால் அரைநாள் கூலி போகும். அந்த அரைநாள் கூலியோடு ஒப்பிட்டால் வரித்தொகை சின்னது. ஆனால் அன்றைக்குச் சாலையில் நடுத்தர வர்க்கத்துக்குக் கீழே இருந்தவனும் தன் உழைப்பில் வாங்கிய வாகனம் அது ஒன்றுதான். அரசு அவனை அங்கேதான் நிறுத்திப் பிடித்தது. இன்று வில்லை இல்லை, வரி இல்லை. போனதற்காக யாரும் கூட்டம் போட்டுப் பாராட்டியதாகவும் தெரியவில்லை.

அந்த நாள்களில் சைக்கிள் என்றால் ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் சீமைச் சரக்கு. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் தொழிற்சாலை தொடங்கியபின் ஹெர்குலிஸ் சென்னைச் சரக்காயிற்று. சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ என்று ஐம்பதுகளில் வரிசையாக வந்தன. புதிய இந்தியா சைக்கிளைத் தொழிலாக வளர்த்தது உண்மை. வாங்கி மிதிக்கிறவனைப் பற்றி அப்படி யோசித்ததாகச் சொல்ல முடியாது. (அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையை மூடிய நாள் 2020 ஜூன் 3. ஐ.நா. அறிவித்த உலக சைக்கிள் தினம் அது.)

தமிழ்நாட்டில் அந்த யோசனை முதலில் வந்த இடம் என்று நான் புதுக்கோட்டையைச் சொல்வேன். 1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பாடத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியிலேயே கற்றார்கள். குழந்தையை பாரில் உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஊர் பேசியது. கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பெண்கள் மிதித்துக்கொண்டே போனார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆட்சியர் வங்கிகளிடம் சொல்லிக் கடன் ஏற்பாடு செய்ததுதான். கூலிக்குப் போகும் பெண் தன் பெயரில் கடன் வாங்கித் தன் சைக்கிளை வாங்கினாள். வேலைக்குப் போக, தண்ணீர் கொண்டுவர, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் அவள் கைக்கு வந்தது. உழைக்கும் ஒரு வயது வந்த மனுஷி வேலைக்குப் போவதற்கான வண்டி என்று சைக்கிளைப் பார்த்து ஓர் அரசு அதிகாரி பணவழி செய்தது அபூர்வம். அது ஒரு மாவட்டத்தின், ஓர் ஆட்சியரின் காலத்தின் முயற்சியாக நின்றுவிட்டது. மாநிலத்தின் கொள்கையாக வளரவில்லை.

மாநிலக் கொள்கையாக வளர்ந்தது பள்ளிக்கூட சைக்கிள். 2001-02-இல் முதலமைச்சர் ஜெயலலிதா, பதினோராம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தார். 2005-06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் அந்த வகுப்பில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று அது விரிந்தது. 2006-இல் ஆட்சி மாறியது, திட்டம் நிற்கவில்லை. 2011-இல் மறுபடி மாறியது, ‘விலையில்லா மிதிவண்டி’ என்று பெயர் வந்தது, திட்டம் நிற்கவில்லை. 2021-க்குப் பிறகும் அப்படியே. 2022 ஜூலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ஆண்டில் சுமார் 6.35 லட்சம் மாணவர்களுக்கு 323 கோடி ரூபாய் என்று அரசு கணக்குச் சொன்னது. ஒரு சைக்கிளுக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய். இரண்டு கழகங்களும் ஒன்றையொன்று குறை சொல்லாத திட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றில் இது ஒன்று.

பீகாரில் நிதிஷ் குமார் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் பணமாகக் கொடுத்தார். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதில் சேரும் பெண்களின் அளவு சுமார் 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் அந்த எண்ணை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சைக்கிள் ஒரு பெண்ணைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, படிப்பை நிறுத்தாமல் காத்தது. இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

என் ஆதங்கம் வேறு. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய அன்றே அரசின் கண்ணில் அவள் சைக்கிள் மறைந்துவிடுகிறது. அதற்குமேல் அவள் ஒரு டயர் வாங்கினாலும் வரி கட்டி வாங்க வேண்டியவள்.

அந்த வரியின் கதைக்கு வருகிறேன். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சைக்கிளை 12 சதவீதப் படியில் வைத்தார்கள். உதிரிபாகத்துக்கும் அதுவே. அரசே வாங்கிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சைக்கிளுக்கும் இந்த வரி உண்டு, அதில் பாதி மத்திய அரசுக்குப் போகும். 2019 ஆகஸ்டு 1 முதல் மின்சார வாகனங்களுக்கான வரியை 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். புகை குறைய வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம். கோடி ரூபாய் மின்சாரக் காருக்கும் 5 சதவீதம், பேட்டரி சைக்கிளுக்கும் 5 சதவீதம். பேட்டரியே இல்லாமல், ஒருவர் சாப்பிட்ட சோற்றின் பலத்தில் மட்டும் ஓடும் சைக்கிளுக்கு 12 சதவீதம். ஆறு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே இருந்தது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலங்களின் அமைச்சர்களும் உட்கார்ந்திருந்தார்கள். லூதியானா சைக்கிள்காரர்கள் மனுமேல் மனு கொடுத்தார்கள். மிதிக்கிறவர்கள் சார்பில் கேட்க ஒரு சங்கம் இல்லை.

2024 அக்டோபர் 19-இல் பீகார் துணை முதலமைச்சர் சாம்ராட் சவுத்ரி தலைமையிலான அமைச்சர்கள் குழு, 10,000 ரூபாய்க்குக் கீழே விற்கும் சைக்கிளுக்கு மட்டும் 5 சதவீதம் போதும் என்று பரிந்துரைத்தது. அதே கூட்டத்தில் விலை கூடிய காலணிக்கும் கைக்கடிகாரத்துக்கும் வரியை ஏற்றச் சொன்னார்கள். இருப்பவனிடம் எடுத்து இல்லாதவனுக்கு விடுவது என்ற தெளிவு அந்தப் பரிந்துரையில் இருந்தது. 2025 செப்டம்பர் 3-இல் கவுன்சில் கடைசியாக முடிவெடுத்தபோது விலை வரம்பை விட்டுவிட்டார்கள். செப்டம்பர் 22 முதல் எல்லா சைக்கிளுக்கும், உதிரிபாகத்துக்கும் 5 சதவீதம். லட்ச ரூபாய் கார்பன் ஃபைபர் சைக்கிளும் அதில்தான், பால்காரரின் சைக்கிளும் அதில்தான்.

குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனாலும் ரூபாயில் பார்க்க வேண்டும். வரிக்கு முன் 5,000 ரூபாய் விலையுள்ள சைக்கிளுக்கு 600 ரூபாய் வரி 250 ஆயிற்று. மிச்சம் 350. அதே நாளில் 350 சி.சி.வரையிலான மோட்டார் சைக்கிளின் வரி 28-லிருந்து 18 ஆயிற்று. 80,000 ரூபாய் பைக்குக்கு மிச்சம் 8,000. சிறிய காருக்கும் அதேபோல் 18. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஷோரூம் வாசலில் நின்ற கூட்டம் பைக்குக்கும் காருக்கும் நின்ற கூட்டம். சைக்கிளிலிருந்து பைக்குக்கு மாற நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மாதம் நல்ல மாதம். சைக்கிளிலேயே இருக்க நினைத்தவருக்கு 350 ரூபாய், அதுவும் புது வண்டி வாங்கினால்.

வருமான வரிப் பக்கம் போனால் படம் இன்னும் சாய்வாக இருக்கிறது. சம்பளக்காரர்களுக்குப் போக்குவரத்துப் படியில் மாதம் 800 ரூபாய்வரை வரி விலக்கு நெடுங்காலம் இருந்தது. 2015-இல் அது 1,600 ஆனது. பஸ்ஸில் போனாயா, சைக்கிளில் போனாயா என்று அது கேட்கவில்லை. ஆகவே சைக்கிளில் போனவருக்குக் கொஞ்சம் லாபம்கூட இருந்தது. 2018 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அதையும் மருத்துவச் செலவு விலக்கையும் எடுத்துவிட்டு 40,000 ரூபாய் நிலையான கழிவு கொண்டுவந்தார். இன்னொரு பக்கம், நிறுவனம் ஊழியருக்குக் கார் கொடுத்தால் அந்தச் சலுகைக்கு என்ன மதிப்புப் போடுவது என்று 2009-இல் திருத்திய ஒரு விதி இருந்தது. சொந்த வேலைக்கும் அலுவலக வேலைக்கும் சேர்த்துப் பயன்படும் 1.6 லிட்டர்வரையிலான காருக்கு, நிறுவனமே எரிபொருள் போட்டாலும், மாதம் 1,800 ரூபாய்தான் ஊழியரின் வருமானமாகக் கணக்காயிற்று. டிரைவர் இருந்தால் இன்னொரு 900. பெட்ரோல் என்ன விலை விற்றாலும் பல ஆண்டுகள் இதே 1,800. சைக்கிள் என்ற ஒன்று அந்த விதிகளை எழுதியவர்களின் நினைவிலேயே வரவில்லை.

மற்ற நாடுகளில் வந்தது. வந்த விதமும் போன விதமும் நமக்குப் பாடம்.

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஏர்ல் புளூமனாவர் என்ற காங்கிரஸ் உறுப்பினர், சட்டையில் சைக்கிள் பொத்தான் குத்திக்கொண்டு சபைக்கு வந்தவர், இதற்காகப் பல ஆண்டுகள் மசோதா கொண்டுவந்தார். நிறுவனம் கார் நிறுத்தக் கட்டணம் கொடுத்தால் 2008-இல் மாதம் 220 டாலர்வரை ஊழியருக்கு வரியில்லை, சைக்கிளுக்கு ஒன்றுமில்லையே என்பது அவர் கேள்வி. 2008 அக்டோபரில் வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் சட்டம் வந்தது. கீழ்ச்சபை முதலில் அதைத் தோற்கடித்தது. வாக்குச் சேர்ப்பதற்காகப் பல சில்லறைச் சலுகைகளை அதில் ஒட்டினார்கள். குழந்தைகள் விளையாடும் மர அம்புக்கு வரி விலக்கு அதில் ஒன்று. சைக்கிளில் வேலைக்கு வருகிறவருக்கு மாதம் 20 டாலர் வரியில்லாமல் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. புளூமனாவர் அந்தச் சட்டத்துக்கு எதிராகவே வாக்களித்தார். தான் பெற்ற பிள்ளைக்காகக்கூட வங்கிகளுக்குக் கை தூக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை உண்டு.

2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம் அந்த 20 டாலரை எட்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் நிரந்தரமாகவே நீக்கியது. கார் நிறுத்தச் சலுகை இருக்கிறது.

பிரிட்டனில் 1999 நிதிச் சட்டம் மூலம் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த ஏற்பாடு நன்றாகவே வேரூன்றியது. நிறுவனம் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும். ஊழியர் வரி பிடிப்பதற்கு முந்தைய சம்பளத்திலிருந்து தவணை கட்டுவார். வரியும் காப்பீட்டுச் சந்தாவும் மிச்சமாகும். அதிகம் சம்பாதிப்பவர் உயர்ந்த விகிதத்தில் வரி கட்டுவதால் அவருக்கு மிச்சமும் அதிகம். குறைந்தபட்சக் கூலி வாங்குகிறவர் இதில் சேரவே முடியாது. தவணை பிடித்தால் கூலி சட்ட வரம்புக்குக் கீழே போய்விடும் என்பதால் விதி தடுக்கிறது. வெளிநாட்டைப் பார்த்து இங்கேயும் வருமான வரியில் சைக்கிளுக்குக் கழிவு கேட்கிற நண்பர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது. நம் நாட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் வருமான வரி கட்டுகிறவர் எத்தனை பேர் இருக்க முடியும்? 2011 மக்கள்தொகைக் கணக்கில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் தவிர்த்த தொழிலாளர்களில் சுமார் 2.6 கோடிப் பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். சுமார் 4.5 கோடிப் பேர் நடந்தே போனார்கள். கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

பெல்ஜியம் வேறு வழி பிடித்தது. அங்கே தேசியத் தொழிலாளர் மன்றத்தில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசி 164-ஆம் எண் உடன்படிக்கை செய்தார்கள். 2023 மே 1 முதல், வேறு சைக்கிள் படி ஏற்பாடு இல்லாத தனியார் துறைத் தொழிலாளி, வீட்டிலிருந்து வேலைக்குச் சைக்கிள் மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 27 சென்ட் பெறும் உரிமை வந்தது. போக 20, வர 20 கிலோமீட்டர்வரை. அரசு அந்தப் பணத்துக்கு வரி கேட்பதில்லை. கூலியோடு சேர்ந்து வருவதால் வரி கட்டுகிறவர், கட்டாதவர் என்ற பேதம் இல்லை. நம் தபால்காரரின் 180 ரூபாய் இதற்குத் தூரத்து உறவு. அதனால்தான் அந்தப் படி நீங்கிவிடக் கூடாது, வளர வேண்டும் என்று நினைக்கிறேன். நகராட்சித் தூய்மைப் பணியாளருக்கு, ஆலைத் தொழிலாளிக்கு, கட்டட வேலைக்குப் போகிறவருக்கு என்று கூலி ஒப்பந்தங்களில் அது ஒரு வரியாக ஏற வேண்டும்.

இனி மலைக்குத் திரும்புவோம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,515 மீட்டரில். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கியர் சைக்கிளில் தலைக்கவசத்தோடு ஏறிவருகிறவர்களைப் பார்க்கலாம். மூச்சு வாங்கி, வளைவில் நின்று தண்ணீர் குடித்து, விடாமல் ஏறுகிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வெள்ளக்கடை, வாழவந்தி, நாகலூர், மாரமங்கலம் பக்கம் திங்கட்கிழமை காலை தோட்டத்துக்குப் போகிறவர்கள் நடந்து போகிறார்கள், அல்லது பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போகிறார்கள். கியர் இல்லாத சைக்கிளை இந்தச் சரிவில் ஏற்ற முடியாது, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். இறக்கம் அதைவிட மோசம். பழைய வண்டியின் பிரேக் கட்டை ரிம்மை உரசி உரசிச் சூடேறும், ரப்பர் மணம் வரும், மழை நாளில் பிடிக்கவே பிடிக்காது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திட்ட சைக்கிள் முன்கூடை வைத்த, கியர் இல்லாத, சமவெளிக்கான வண்டி. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிய அரசுக்கு, மலைக்கு வேறு சைக்கிள் வேண்டும் என்று தோன்றியதாகத் தெரியவில்லை.

பஸ் விஷயத்திலும் மலை கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது. 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஒரு கூலிப்பெண்ணின் கையில் மாதாமாதம் பணம் மிஞ்சச் செய்த, வேலைக்குப் போவதற்கென்றே ஓர் அரசு செய்த பெரிய காரியம் அது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக அறிவிப்பு வந்தது 2024 பிப்ரவரி பட்ஜெட்டில். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் மலையில் டிக்கெட் எடுத்துத்தான் வேலைக்குப் போனார்கள்.

பேட்டரி உதவியோடு மிதிக்கும் சைக்கிள் இந்தச் சரிவுக்குப் பொருந்தும். ஏற்றத்தில் மோட்டார் தள்ளும், டிஸ்க் பிரேக் இருந்தால் இறக்கத்தில் தாங்கும். வரி 5 சதவீதம்தான். விலை பல பத்தாயிரங்களில் தொடங்குகிறது. தோட்டக் கூலி வாங்குகிறவருக்கு அந்த 5 சதவீதத்தால் ஆவது ஒன்றுமில்லை. புதுக்கோட்டையில் செய்ததுபோல் வங்கிக் கடன் வேண்டும், வட்டியை அரசு ஏற்க வேண்டும், தோட்ட முதலாளிகள் கூலிப் பேச்சில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, குடிதண்ணீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் என்று பட்டியல் போட்டது, தொழிலாளி தோட்டத்திலேயே லைன் வீட்டில் இருப்பார் என்ற எண்ணத்தில். இன்று கிராமத்திலிருந்து தினமும் வருகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வரும் வழியைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இருக்கவில்லை. ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மலையாளிப் பழங்குடி மக்களிடம் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு கட்சியும் சாலை போடுவதாகச் சொல்கிறது. போட்ட சாலையில் காலை ஏழு மணிக்கு நடந்து போகிறவருக்கு என்ன செய்வீர்கள் என்று அடுத்த முறை ஜீப்பை நிறுத்திக் கேட்க வேண்டியது நாம்தான்.

(தொடரும்)